தூண்டில் ரீல்: பெட்டியில் அச்சிட்ட எண்களில் எதைப் பார்த்து வாங்குவது?

இமயமலை அடிவாரத்து ஆறுகளில் மஹசீர், வங்காளத்துக் குளங்களில் கட்லா, கேரளத்து வாய்க்கால்களில் விரால், அந்தமான் கடலில் பெரும்பாரை என, கோலும் நரம்பும் கொண்டு மீன்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் நாட்டின் பல பகுதிகளிலும் உள்ளனர். இவர்களுடன் புதிதாகச் சேர்வோர் முதலில் தடுமாறும் இடம் ரீல் வாங்குவதுதான். இணைய வணிகத் தளங்களில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ரீலும் உண்டு. ஐம்பதாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டின் பெட்டியிலும் ஏறத்தாழ ஒரே வகையான எண்களே அச்சிடப்பட்டிருக்கும்.

அவற்றுள் பெரிய எழுத்தில் மின்னுபவை பெரும்பாலும் பயன் குறைந்தவை. உண்மையில் உதவும் எண் உருளையின் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும். எல்லாவற்றினும் முக்கியமான பண்பு ஒன்று எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. அதைக் கையால் இழுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

தவறான ரீலால் இழப்பது பணம் மட்டுமன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில், இமயமலை ஆறுகளின் பொன் மஹசீர் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகவும், காவிரியின் கூன்முதுகு மஹசீர் அதனினும் கடுமையான மிக அபாய நிலை இனமாகவும் இடம்பெற்றுள்ளன. தூண்டிலில் சிக்கும் மஹசீரை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவது இத்துறையில் வேரூன்றிவிட்ட நெறி. ஆனால், விடப்படும் மீன் பிழைக்குமா என்பதை முடிவு செய்வதில் ரீலுக்குப் பெரும்பங்கு உண்டு. ரீல் திணறி நரம்பு அறுந்தால், வாயில் முள்ளும் பின்னால் பல மீட்டர் நரம்பும் கொண்டு அம்மீன் பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். ரீல் வலுவற்றதாக இருந்து போராட்டம் நீண்டால், மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து அது களைத்துப்போகும். வெப்பமான, உயிர்வளி குறைந்த நீரில் இத்தகைய மீன் நீந்திச் சென்ற பின்னரும் மடியக்கூடும்.

மூன்று வகைகள்

நரம்பைச் சுற்றிவைக்கும் சக்கரம் புதியதன்று. சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டளவில் வரைந்த ஓர் ஓவியத்தில், படகில் அமர்ந்து மீன்பிடிப்பவரின் கோலில் அது தெளிவாகத் தெரிகிறது. இன்று கடைகளில் கிடைப்பவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அதிகம் விற்பனையாவது, 'ஸ்பின்னிங்' ரீல். இதில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை, வீசும்போது சுழல்வதில்லை. நரம்பு அதன் விளிம்பின் மேலாக வளையம் வளையமாக உருவிச் செல்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த கம்பளி ஆலை உரிமையாளர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்கண்டிலிருந்து நூல் உருவி வரும் முறையே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்பர். சுழலாத உருளை என்பதால் எடை குறைந்த இரையையும் இது தொலைவில் வீசும், சிக்கல் குறைவு. கைப்பிடியை இடப்புறமோ வலப்புறமோ மாற்றிக்கொள்ளலாம். முதல் ரீல் வாங்குவோருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, உருளையே சுழலும் 'பெய்ட்காஸ்டிங்' ரீல். குறி பார்த்து வீசுவதில் இதற்கு நிகரில்லை. ஆனால், இரை நீரில் விழுந்த பின்னும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் நரம்பு குருவிக்கூடு போல் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலால் உருளையை அடக்கும் பழக்கம் கைவரும்வரை பொறுமை தேவை. இதில் கைப்பிடியை மாற்ற முடியாது. இடக்கை, வலக்கை என இரு வடிவங்களாகவே விற்கப்படுகிறது. இதைக் கவனியாமல் இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்புவோர் உண்டு.

மூன்றாவது, பற்சக்கரங்களே இல்லாத எளிய சக்கரம். ட்ரௌட் மீனுக்கான 'ஃப்ளை' ரீலும், வங்காளத்தில் 'ஹுயில்' என்ற பெயரால் அறியப்படும் பழைய வகைச் சக்கரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளையும் ஒரு முறையே சுற்றும்.

விட்டுக்கொடுக்கும் கருவி

மீன் வேகமாக இழுக்கும்போது, நரம்பு அறுந்துவிடாதபடி அளவோடு விட்டுக்கொடுக்கும் உராய்வு அமைப்பு 'டிராக்' எனப்படுகிறது. தமிழில் இதைத் தடை விசை எனலாம். எனினும் அதன் வேலை தடுப்பது மட்டுமன்று, தக்க நேரத்தில் விடுவதும்தான். உருளையோடு பொருந்திய வட்டத் தகடுகளை ஒரு திருகு அழுத்துகிறது. திருகை இறுக்கினால் தடை கூடும், தளர்த்தினால் குறையும்.

பெட்டியில் 'உச்ச டிராக் 10 கிலோ' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பதே தூண்டில்காரர்களின் பொதுவழக்கு. நரம்பு 10 கிலோ தாங்குமானால், டிராக் 2.5 கிலோவுக்கும் 3.3 கிலோவுக்கும் இடையே இருக்க வேண்டும். நரம்பின் முனையை ஒரு வில் தராசில் கட்டி இழுத்து இதை அளந்துகொள்ளலாம். விரலால் இழுத்து உத்தேசமாக வைப்பதை விட இந்த எளிய அளவை பன்மடங்கு மேலானது.

மீதமுள்ள மூன்றில் இரண்டு பங்கு வலிமை ஏன் ஒதுக்கப்படுகிறது என்ற கேள்வி எழலாம். பள்ளி இயற்பியலே இதற்கு விடை தருகிறது. உராய்வுத் தகடுகள் தருவது ஒரு திருப்பு விசை. அந்த விசை மாறாதிருக்க, உருளையில் சுற்றியுள்ள நரம்பின் விட்டம் குறையக் குறைய, நரம்பின்மீது விழும் இழுவிசை கூடிக்கொண்டே போகும். நரம்பு நிறைந்த நிலையில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 3 கிலோ டிராக் வைத்திருப்பதாகக் கொள்வோம். பெரிய மீன் ஒன்று ஓடி, மிஞ்சிய நரம்பின் விட்டம் 30 மில்லிமீட்டராகச் சுருங்கினால், திருகைத் தொடாமலேயே டிராக் 5 கிலோ ஆகிவிடும். இதனுடன் கோலின் வளையங்களில் ஏற்படும் உராய்வும், நீருக்குள் கிடக்கும் நீண்ட நரம்பை ஆற்றோட்டம் இழுக்கும் விசையும் சேரும். முடிச்சு இட்ட இடத்தில் நரம்பின் வலிமை ஏற்கெனவே குறைந்திருக்கும். மீன் தொலைவில் இருக்கும்போது திருகை மேலும் இறுக்குவோரின் நரம்பு அறுவதற்கு இதுவே காரணம். அப்போது செய்ய வேண்டியது திருகைச் சற்றுத் தளர்த்துவதாகும்.

இரண்டாவது காரணம், தொடக்க உராய்வு. நின்றுகொண்டிருக்கும் இரு தகடுகளைப் பிரித்து நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் தகடுகளைத் தொடர்ந்து நகர்த்தும் விசையை விட அதிகம். மட்டமான டிராக்கில் இந்த வேறுபாடு மிகுதி. எனவே ஒவ்வொரு முறை மீன் ஓடத் தொடங்கும்போதும் நரம்பு ஒரு வெட்டு வெட்டி இழுக்கப்படும். நல்ல டிராக்கில் நரம்பு வெண்ணெயில் இறங்கும் கத்தி போல் வழுக்கிச் செல்லும். எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படாத பண்பு இதுதான். 6 கிலோ உச்ச டிராக் உள்ள, சீராக விடும் ரீல், 15 கிலோ என்று அச்சிட்டுத் திக்கித் திக்கி விடும் ரீலை விட எவ்வகையிலும் சிறந்தது.

பொடி எழுத்து சொல்வது

உருளையின் விளிம்பில் '0.30 – 200' என்பது போன்ற எண்கள் இருக்கும். 0.30 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்பது பொருள். 3000, 4000 என்று ரீலின் பெயரோடு வரும் அளவெண்களை விட இதுவே நம்பத்தக்கது. ஏனெனில் அளவெண்ணுக்குப் பொதுத் தரம் ஏதுமில்லை. ஒரு நிறுவனத்தின் 4000 இன்னொரு நிறுவனத்தின் 3000-ஐ ஒத்திருக்கலாம்.

அச்சிட்ட கொள்ளளவு பெரும்பாலும் ஒற்றையிழை நைலானுக்கு உரியது. பல இழைகளைப் பின்னிச் செய்யப்படும் 'பிரெய்ட்' நரம்பு, அதே வலிமைக்கு மிக மெல்லியது. கணக்கு எளிது: தடிமன் விகிதத்தின் இருமடிக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும். 0.30 தடிமனில் 200 மீட்டர் கொள்ளும் உருளை, 0.20 தடிமனில் ஏறத்தாழ 450 மீட்டர் கொள்ளும். ஆகவே பிரெய்ட் பயன்படுத்துவோர் ஓரளவு சிறிய ரீலையே வாங்கலாம். எடையும் செலவும் குறையும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வழுவழுப்பான உலோக உருளையில் பிரெய்ட்டை நேரடியாகக் கட்டினால், பெரிய மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டதாகத் தோன்றும். அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்ட் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த நீர், எந்த மீன்

உத்தராகண்டில் சரயு நதி மகாகாளியுடன் கலக்கும் பஞ்சேஷ்வர், ராமகங்கையின் ஆழ்மடுக்கள் போன்றவை மஹசீருக்குப் பெயர்பெற்ற இடங்கள். கற்பாறைகளும் வேகமான நீரோட்டமும் உள்ள இந்த ஆறுகளில் மஹசீரின் முதல் ஓட்டமே மீனவரைச் சோதிக்கும். நீரோட்டத்தோடு சேர்ந்து அது கீழ்நோக்கி ஓடும்போது, கரையில் பாறைகளைத் தாண்டிப் பின்தொடர்வது எப்போதும் இயலாது. ஆகவே இங்கு நரம்புக் கொள்ளளவுக்கே முதலிடம். 4000 முதல் 6000 வரையிலான அளவில், வேண்டிய வலிமையுள்ள நரம்பு 200 மீட்டருக்குக் குறையாமல் கொள்ளும் ஸ்பின்னிங் ரீல் பொருத்தமானது. மஹசீர் எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு 1946-இல் கபினி ஆற்றில் பிடிபட்ட 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மீனை இன்றும் எடுத்துக்காட்டுவர். அக்காலத்துச் சூழல் இப்போது இல்லை. காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நடந்துவந்த தூண்டில் முகாம்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணமாகக் கொண்டு நிறுத்தப்பட்டன. பிற இடங்களிலும் மாநில மீன்வளத் துறை அல்லது வனத் துறையின் அனுமதிச் சீட்டு தேவைப்படும். மழைக்கால இனப்பெருக்கப் பருவத்தில் அனுமதி கிடைப்பதில்லை என்பதால், ரீல் வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

காஷ்மீரிலும் இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றிலும் உள்ள ட்ரௌட் மீனின் கதை வேறு. ஐரோப்பாவிலிருந்து 1900-ஆம் ஆண்டு வாக்கில் காஷ்மீருக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், குளிர்ந்த சிற்றோடைகளில் வாழ்வது; பெரும்பாலும் கையளவினது. 1000 அல்லது 2000 அளவுள்ள, எடை குறைந்த ரீலே இதற்கு மிகையானது. ஃப்ளை முறையில் பிடிப்போருக்கு ரீல் என்பது நரம்பை வைத்திருக்கும் பெட்டி போன்றது. ட்ரௌட்டைப் பெரும்பாலும் கையால் நரம்பை இழுத்தே கரை சேர்ப்பர். விலையுயர்ந்த ஃப்ளை ரீலுக்குச் செலவழிக்கும் தொகையை நல்ல நரம்புக்குச் செலவழித்தால் பயன் தெரியும்.

விராலுக்கு வருவோம். கேரளத்திலும் அசாமிலும் வங்கத்திலும் பாசியும் ஆம்பலும் மூடிய நீரில் இது பதுங்கியிருக்கும். ரப்பர்த் தவளையைப் பாசியின்மேல் தத்தச் செய்து இழுப்பது வழக்கம். விரால் நெடுந்தொலைவு ஓடுவதில்லை. கவ்வியதும் பாசிக்குள் புகுந்துகொள்ளும். எனவே 100 மீட்டர் நரம்பே அதிகம். ஆனால் அது புகுந்துகொள்ளும் முன் வெளியே இழுத்துவிட வேண்டும். தடித்த பிரெய்ட்டும் ஏறக்குறைய முழுதும் இறுக்கிய டிராக்கும் கொண்ட பெய்ட்காஸ்டிங் ரீல் இங்குதான் தன் திறத்தைக் காட்டும். மஹசீருக்குச் சொன்ன 'மூன்றில் ஒரு பங்கு' விதி இங்கே செல்லாது. குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் மொய்க்கும் இடத்தில் தாய் மீனும் தந்தை மீனும் காவல் நிற்கும். அங்கே தவளையை வீசினால் எந்த ரீலிலும் மீன் விழும். காவல் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். பொறுப்புள்ள தூண்டில்காரர்கள் அவ்விடத்தைத் தவிர்க்கின்றனர்.

கொல்கத்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் நாளொன்றுக்குக் கட்டணம் செலுத்தி 'டிக்கெட்' பெற்று, குளக்கரையில் அமர்ந்து கட்லாவுக்கும் ரோகுவுக்கும் காத்திருப்பது நெடுநாள் வழக்கம். இங்கு வீசும் தொலைவு குறைவு, காத்திருக்கும் நேரமே அதிகம். நடுத்தர விலையில் சீரான டிராக் உள்ள எந்த ரீலும் ஏற்றது.

அந்தமானில் நிலைமை தலைகீழ். பவழப் பாறைகளின் ஓரத்தில் வேட்டையாடும் 'ஜெயன்ட் ட்ரெவலி' எனும் பெரும்பாரை, இரையைக் கவ்வியதும் பாறையை நோக்கிப் பாயும். 10 கிலோவுக்கு மேல் டிராக் வைத்து நின்ற இடத்திலேயே அதை நிறுத்த வேண்டியிருக்கும். பெட்டியில் அச்சிட்ட உச்ச டிராக் எண் பொருள் பெறுவது இத்தகைய இடங்களில் மட்டுமே. 14000 முதல் 20000 வரை அளவுள்ள இந்த ரீல்களின் உயர்தர வகைகள் ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு விற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை செல்வோர், படகு ஏற்பாடு செய்பவரிடமே வாடகைக்குப் பெறுவது அறிவுடைமை.

மின்னும் எண்கள்

பெட்டியில் எடுப்பாகத் தெரியும் '12+1' போன்ற எண், பேரிங்குகளின் எண்ணிக்கை. கூட்டலுக்குப் பின்வரும் 1 என்பது பொதுவாகக் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் பூட்டும் உருளைப் பேரிங். மற்ற 12-இல் சில, சுழற்சியில் பெரும்பங்கு வகிக்காத இடங்களில் எண்ணிக்கைக்காகவே வைக்கப்பட்டவையாக இருக்கலாம். நன்கு மூடி அடைக்கப்பட்ட துருப்பிடிக்காத எஃகுப் பேரிங்குகள் நான்கோ ஐந்தோ இருந்தால், அவை மலிவான பன்னிரண்டை விட நீடித்து உழைக்கும்.

'5.2:1' என்பது பற்சக்கர விகிதம். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பு 5.2 முறை சுற்றப்படும். ஆனால் உருளையின் விட்டம் தெரியாமல் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 5.2 விகிதம் ஒரு சுற்றுக்குச் சுமார் 82 சென்டிமீட்டர் நரம்பை இழுக்கும், 6.2 விகிதம் சுமார் 97 சென்டிமீட்டர் இழுக்கும். பெரிய உருளையில் குறைந்த விகிதமே இதைவிட அதிகம் இழுத்துவிடும். வேகம் கூடினால் இழுக்கும் வலு குறையும் என்பது மிதிவண்டி ஓட்டியவர் எல்லாரும் அறிந்ததே.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிட வேலை. நரம்பு சுற்றிய ஒரு ரீலை வாங்கி, டிராக்கைத் தளர்வாக வைத்து, நரம்பை மெதுவாகக் கையால் இழுக்க வேண்டும். தொடக்கத்தில் வெட்டுகிறதா, இடையில் திக்குகிறதா என்பது உடனே தெரியும். பிறகு திருகைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் தடை படிப்படியாகக் கூட வேண்டும். அரைச் சுற்றில் தளர்விலிருந்து முழு இறுக்கத்துக்குத் தாவினால் அந்த ரீல் வேண்டாம். கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறதா என்றும், ரீலின் காலையும் உடலையும் பிடித்து முறுக்கினால் வளைகிறதா என்றும் பார்க்கலாம். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகளும் இணையத்தில் உலவுவதால், நம்ப முடியாத விலைக் குறைப்பைச் சந்தேகிப்பதே தகும். உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் அருகில் கிடைக்குமா என்று கேட்பது, நிறத்தையும் பளபளப்பையும் பார்ப்பதை விட முக்கியம்.

புதியவர்களின் நல்ல ரீலும் பாழாவது பெரும்பாலும் ஒரு பழக்கத்தால். மீன் நரம்பை இழுத்து ஓடும்போது, பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பர். டிராக் வழுக்கும்போது ஸ்பின்னிங் ரீலில் நரம்பு உள்ளே வருவதில்லை. மாறாக, ஒவ்வொரு கைப்பிடிச் சுற்றுக்கும் ஐந்தாறு முறுக்கு நரம்பில் ஏறும். அடுத்த வீச்சில் அது சுருண்டு சிக்கும். மீன் ஓடும்போது கை ஓய்ந்திருக்க வேண்டும். அது நிற்கும்போதுதான் சுற்ற வேண்டும்.

கடலில் பயன்படுத்துவோருக்கு உப்பு தனிப் பகை. மக்னீசிய உடல் இலகுவானது. ஆனால் மேற்பூச்சில் கீறல் விழுந்தால் உப்புநீர் அதை அரித்துவிடும். அலுமினியமோ உறுதியான பிளாஸ்டிக் கலவையோ கடற்கரைக்குப் பாதுகாப்பானது. கரை திரும்பியதும் டிராக் திருகை முழுதும் இறுக்கிவிட்டு, நன்னீரை மென்மையாகத் தெளித்துக் கழுவ வேண்டும். குழாயை வைத்து வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியேறாமல் பேரிங்குக்குள் போகும். துடைத்து உலர்த்திய பின் திருகை முழுதும் தளர்த்தி வைக்க வேண்டும்; இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகள் நசுங்கி, அடுத்த பருவத்தில் டிராக் திக்கத் தொடங்கும்.